தண்ணீருக்கு வந்த மாரடைப்பு

இந்த உலகத்தில் நான் ஒருபோதும் சந்தேகப்படாத ஒரே ஆள், நான்தான். அதற்கான தண்டனையையும் ஒருமுறை முழுசாக அனுபவித்திருக்கிறேன்.

இரண்டாயிரங்களின் நடுவில், ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் நான் டிரெய்னி. மாரடைப்பு வந்தால் இதயத்திலிருந்து ஒரு புரதம் துளியூண்டு ரத்தத்தில் கசியும். அதைக் கண்டுபிடிக்கும் கருவி செய்துகொண்டிருந்தோம். சின்னப் பட்டை ஒன்றில் ரத்தச் சொட்டை விட்டுக் கருவிக்குள் செருகினால், அந்தப் புரதம் ஒட்டுகிறபோது மின்சாரம் இம்மியளவு மாறும். திரையில் எண் வரும். கெலவரப்பள்ளி அணையில் ஒரு சிட்டிகை போட்டாலும் பிடித்துவிடும் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்காரர்களிடமெல்லாம் அளந்துவிட்டிருக்கிறேன்.

ஆயுதபூஜை அன்று காலையில் பூஜை. பதினோரு மணிக்குப் பெங்களூரிலிருந்து ஒரு டாக்டர் கருவியைப் பார்க்க வருகிறார். நல்லபடியாக முடிந்தால் என் வேலை நிரந்தரம், சொதப்பினால் ஊருக்கு மூட்டை கட்டலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

லேத்துக்கும் கம்ப்ரசருக்கும் பொட்டு வைத்தாயிற்று. என் கருவி மட்டும் வெறும் நெற்றியோடு நிற்பதா? பட்டை செருகும் வாயிலேயே குழைத்த சந்தனத்தை அப்பினேன்.

"அங்க வேணாம் சார், பெட்டி மேல வைங்க" என்றார், லேபைக் கவனித்துக்கொண்ட பாகலூர் லட்சுமம்மா. (எனக்கேவா!)

பதினோரு மணி. முதலில் வெறும் உப்புத் தண்ணீர். பூஜ்யம் காட்ட வேண்டும். கருவி அலறியது. கடுமையான மாரடைப்பு!

"தண்ணிக்கா?" என்றார் டாக்டர்.

"தண்ணி சரியில்ல சார்" என்றேன், அசராமல். பாட்டிலை மாற்றினேன். அதற்கும் மாரடைப்பு. "உங்க ரத்தத்துலயே பாத்துடலாம் சார்" என்று மேனேஜரின் விரலைக் குத்தினேன். எண் திரையில் அடங்கவில்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதும் நான் கருவியைத்தான் நம்பினேன். "அசையாதீங்க சார்!" என்று மனிதரைப் பிடித்து, பூஜைப் பொரி சிதறிக் கிடந்த தரையில் படுக்கவைத்து, சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, "வேனை எடுங்கய்யா!" என்று கத்தினேன்.

டாக்டர் நாடி பிடித்துப் பார்த்தார். "இவரு கல்லு மாதிரி இருக்காருப்பா. சீக்கு உன் மிஷினுக்குத்தான்."

லட்சுமம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஸ்பிரிட் தொட்ட துணியால் கருவியின் வாயைத் துடைத்தார். "ஈரம் காயவேயில்ல சார். அப்பவே சொன்னேனே." ஈரச் சந்தனம் வழியாக மின்சாரம் கசிந்திருக்கிறது. துடைத்த பிறகு தண்ணீரும் பிழைத்தது, மேனேஜரும் பிழைத்தார். எனக்குத்தான் டிரெய்னிங் இன்னும் ஆறு மாதம் நீண்டது. அன்று வெட்கத்தில் நான் சாப்பிடக்கூட இல்லை.

ஆறு மாதம் கழித்து வந்த நிரந்தர ஆர்டரின் நான்கு மூலையிலும் சந்தனம். "பேப்பர்ல கரண்ட் பாயாது. தைரியமா வெச்சேன்" என்றார் மேனேஜர்.

இன்றும் எங்கள் வீட்டு ஆயுதபூஜையில் சந்தனக் கிண்ணம் என் கைக்கு வராது. என் மகள்தான் மிக்ஸிக்கும் ஸ்கூட்டருக்கும் பொட்டு வைப்பாள். கடைசியில் தண்ணீர்க் குடத்தின் முன்னால் நின்று, "ஏம்ப்பா, இதுக்கு வைக்கலாமா, இல்ல டாக்டரக் கூப்பிடணுமா?" என்பாள்.