ஆறு பேர் கொண்ட மகளிர் குழு

வழக்கறிஞர் தொழிலில் பெண்கள் படும் பாட்டைத் துடைத்தெறிய, ஆறு ஆண்கள் தங்கள் மதியத் தூக்கத்தையே தியாகம் செய்த மாபெரும் நிகழ்ச்சி இது. வருங்காலத் தலைமுறை இதைப் படித்துக் கண்ணீர் விடும்.

வக்கீல் சங்கத்தின் ‘மகளிர் முன்னேற்றக் குழு’வுக்குப் பெரிய வக்கீல் தலைவர். மற்ற ஐந்து உறுப்பினர்களுக்கும் மீசை இருந்தது. ஒரு பெண்ணாவது வேண்டாமா என்று யாரோ கேட்டபோது, “அவங்களுக்கு ஏற்கனவே ஆயிரம் சுமை. இதையும் தலைல கட்டணுமா?” என்று கருணையுடன் மறுத்துவிட்டார் பெரிய வக்கீல்.

அவருடைய ஜூனியரை அலுவலகத்தில் எல்லாரும் ‘பாப்பா’ என்றே அழைத்தார்கள். பாப்பாவுக்கு நாற்பது வயது. வாதத்தை அவர் எழுதுவார். பெரிய வக்கீல் கோர்ட்டில் நின்று படிப்பார்.

“எழுத யாரு வேணா எழுதலாம் பாப்பா. நிக்கிறதுதான் கஷ்டம்,” என்பார், உட்கார்ந்தபடி.

குழு நடத்திய கருத்தரங்கு நாளன்றே ஒரு தையல்காரியின் வழக்கு இறுதி வாதத்துக்கு வந்தது. கர்ப்பம் என்று தெரிந்ததும் ஆடைக் கம்பெனி அவரை வேலையைவிட்டு நிறுத்தியிருந்தது.

“வாய்தா வாங்கிட்டு மண்டபத்துக்கு வந்துடு,” என்றார் பெரிய வக்கீல். “மேடைல பூங்கொத்து கொடுக்கப் பொம்பளைங்க யாருமே இல்ல.”

வெளியே பெஞ்சில் காத்திருந்த தையல்காரியின் காதில் இது விழுந்துவிட்டது. “இன்னொரு வாய்தான்னா என் பையனே வந்து சாட்சி சொல்லிடுவான் மேடம். இப்ப நல்லாப் பேசுறான்.”

பாப்பா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கேஸ் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோர்ட்டுக்கு நடந்தார்.

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். “உங்க சீனியர் எங்கம்மா?”

“பெண் வக்கீல்களை முன்னேத்தப் போயிருக்காருங்க ஐயா.”

“அப்ப வாதாடப் போறது?”

“இன்னும் முன்னேறாத நான்தாங்க ஐயா.”

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, “தங்கச்சி உணர்ச்சிவசப்படுறாங்க,” என்று தமது மேலான கவலையைப் பதிவுசெய்தார். பாப்பா அதுவரை சட்டப்பிரிவின் எண்ணை மட்டுமே சொல்லியிருந்தார்.

“நம்பருக்கெல்லாம் உணர்ச்சி வராதுங்கண்ணா,” என்றுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ‘வேலை சரியில்லை’ என்று நீக்கிய கம்பெனிதான், அதற்கு முந்தைய மாதம் அதே பெண்ணைச் சிறந்த தொழிலாளி என்று மேடையேற்றிக் கைதட்டியது என்றார். இடையில் ஒருமுறை தண்ணீர் குடித்துவிட்டு மேலே போனார்.

வேலையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அன்றே உத்தரவானது. பாப்பாவின் கையைப் பிடித்த தையல்காரி வெகுநேரம் விடவில்லை.

பாப்பா மண்டபத்துக்குப் போனபோது, எதிர்த்தரப்பு வக்கீல் ‘பெண் குரலுக்குச் செவிசாய்ப்போம்’ என்று முழங்கிக்கொண்டிருந்தார். அவரும் குழு உறுப்பினர்தான். கீழே பெண் வக்கீல் ஒருவரும் இல்லை. எல்லாருக்கும் கோர்ட்டில் வேலை இருந்தது.

செய்தி பெரிய வக்கீலுக்கு எட்டியிருந்தது. “இன்னைக்கு நான் ஒரு முக்கியமான வழக்குல ஜெயிச்சிருக்கேன்,” என்று அறிவித்தார். “நின்னது மட்டும் நம்ம பாப்பா.”

கைதட்டல் ஓய்ந்ததும், வரலாறு காணாத பெருந்தன்மையுடன் மைக்கை நீட்டினார்.

“பெண்களுக்கு இந்தத் தொழில்ல என்னென்ன சவால் இருக்குன்னு சொல்லும்மா. ஒரு நிமிஷம்தான்.”

பாப்பா மைக்கை வாங்கிக்கொண்டு, மேடையில் வரிசையாக வீற்றிருந்த குழுவை ஒருமுறை பார்த்தார்.

“ஒரு நிமிஷமே ஜாஸ்தி சார். இடமிருந்து வலமாச் சொல்லிடறேன்.”