கட்டியை நிறுத்துக் காட்டிய தேங்காய்

கண்டக்குழி ஊருக்கு ஒரு மகான் வந்திருந்தார். பெயர் நூஹுப் பரிசாரி; பரிசாரி என்றால் நாட்டு வைத்தியர். எங்கே படித்தார் என்று கேட்கக்கூடாது. கேட்டவருக்கு வாய் கோணிப் போகுமாம். புற்றுநோய்க் கட்டியைக் கத்தியில்லாமல் எடுப்பார். எடுத்ததை மின்தராசில் நிறுத்தும் காட்டுவார். விஞ்ஞானமல்லவா! தூரத்து முந்தலில் இருந்தெல்லாம் வான் வண்டி பிடித்து வந்தார்கள்.

வைத்தியம் இதுதான். பச்சைத் துணி சுற்றிய தேங்காயை முதலில் நிறுப்பார். பிறகு நோயாளியின் நெஞ்சில் அதை உருட்டி, ஓதிய தண்ணீரைத் தாராளமாகத் தெளிப்பார். மறுபடி நிறுத்தால் நிறை கூடியிருக்கும். கட்டி தேங்காய்க்குள் இறங்கிவிட்டதாம். காணிக்கை தட்டில் இறங்கும்.

கருவாடு விற்கும் மபாஸாவின் கணவர் மின்ஹாஜும் அங்கே போய்ப் படுத்தார். அவருக்கு நெஞ்சுக்குள் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் கீமோ மருந்தேற்றியதில் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. இன்னும் சில ஊசி, அதன்பின் கதிர்ச் சிகிச்சை. முடி கொட்டி, வாந்தியெடுத்துக் களைத்த மனிதருக்குத் தேங்காய் இனித்தது.

"கீமோ விஷம், கதிர் நெருப்பு, என்ட தேங்காய் குளிர்ச்சி" என்றார் பரிசாரி. ஒப்பீட்டு ஆராய்ச்சி முடிந்தது.

"இனி ஊசிக்குப் போகமாட்டன், மபாஸா" என்றார் மின்ஹாஜ், கூட வந்திருந்த மனைவியிடம்.

மபாஸாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கட்டிக்கும் அது விஷந்தானே? மருந்து ரத்தத்தோட உடம்பெல்லாம் போகும். கதிர் மிச்சக் கட்டி கிடக்கிற இடத்துக்கு மட்டும். பக்கத்துல இதயம் இரிக்கிறதால அளந்துதான் குடுப்பாங்களாம். பாதியில உட்டா திரும்ப வளரும் எண்டு டொக்டர் சொன்னாரே! நீங்க மௌத்தாகிட்டா இந்தத் தேங்காயா ஒங்கட புள்ளைகளப் பாக்கும்?"

பிறகு பரிசாரியின் பக்கம் திரும்பினாள்.

"ஒங்களுக்குக் கட்டி இரிக்கா?"

"அஸ்தஃபிருல்லாஹ்! என்ட உடம்பு சுத்தம்."

"அப்ப ஒங்கட நெஞ்சில உருட்டினா நிறை கூடாதுதானே?"

பரிசாரி வாய் திறக்குமுன் பச்சைத் துணி சுற்றிய புதுத் தேங்காயொன்றை நிறுத்து, அவர் நெஞ்சிலேயே உருட்டி, அதே தண்ணீரைத் தெளித்துத் தராசில் வைத்தாள். எண் ஏறியது.

"யா அல்லாஹ்! பரிசாரிக்கு மின்ஹாஜை விடப் பெரிய கட்டி! ஊசிக்குப் பதியிறதா, கதிருக்கா?"

துணியை அவிழ்த்துப் பிழிந்தாள். தண்ணீர் ஒழுகியது. திரும்பச் சுற்றி வைத்தபோது எண் இறங்கிவிட்டது. ஈரக் கருவாட்டை நிறுத்தால் சட்டையைப் பிடிக்கிற ஊர், ஈரத் துணிக்குக் கைகட்டி நின்றிருக்கிறது!

பரிசாரி பின்வாசலால் பறந்தார். மின்ஹாஜ் தலைகுனிந்து எழுந்தார். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றார். மபாஸா அப்போதுதான் அழுதாள்.

வரிசையில் நின்ற பீற்றர் மெல்லக் கேட்டார்: "மாம்புரியில ஒருத்தர் இளநியால எடுக்கிறாராமே, அவர் எப்பிடி?"

பெருமக்களே, நெஞ்சில் வந்த கட்டிக்கு ஊசியும் உண்டு, கதிரும் உண்டு. யோசிக்க மறுக்கும் தலைக்கு இரண்டும் கிடையாது; அதை நீங்களேதான் குணப்படுத்த வேண்டும்.