பூட்சு மாப்ளே வெட்டிய சோடி

செருப்பைக் கும்பிட்டு வாங்கி, கும்பிட்டு விற்ற ஒரே மனிதன் இந்த உலகத்தில் எங்கள் தெரு பூட்சு மாப்ளேதான். மறுக்கிறவர்கள் போடிக்கு வரட்டும், பேசிக்கொள்ளலாம்.

நாற்பதைத் தொட்டும் அவனுக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை. ஆனாலும் ஊருக்கே அவன் மாப்ளே. பெரிய கம்பெனிகள் எப்போதாவது கொஞ்சம் சோடிகள் மட்டும் செய்து விடுகிற பூட்சுகளை வாங்கி, கிடைக்காமல் தவிக்கிறவர்களுக்குக் கூடுதல் விலைக்கு விற்பது அவன் தொழில். ஒருநாள் போட்டுப் பார்க்கக் கூடாதா என்று கேட்டால் பதறிப்போவான். "கால்ல போட்டா வெல போயிரும் ஆத்தா" என்பான். அவன் காலில் கிடந்தது பஸ் ஸ்டாண்டில் வாங்கிய ரப்பர் செருப்பு. அதிலும் ஒரு வாருக்கு ஊக்கு குத்தியிருக்கும்.

அந்தப் பூட்சுகளைக் கேட்டதும் தந்துவிட மாட்டார்களாம். போனில் பெயர் பதிந்து, குலுக்கலில் விழ வேண்டுமாம். ஆளுக்கு ஒருமுறைதான் பதியலாம் என்பதால் மாப்ளே தெருவையே பதிந்துவிட்டான். பூக்காரி, இட்லிக் கடைக்காரர், சிலமலையிலிருந்து தயிர் கொண்டுவரும் பெரியவர், ஒருவரையும் விடவில்லை. குலுக்கல் அன்று எல்லார் போனையும் வாங்கி வரிசையாக வைத்து, பத்தி கொளுத்தி, திருநீறு பூசுவான். தயிர்க்காரர் போனுக்குத் திருநீறு உள்ளே போய், அன்றோடு அதன் பேச்சு நின்றது.

கடைசியில் விழுந்தது என் பெயருக்கு. பிறந்ததிலிருந்து வெறுங்காலோடு நடந்தவள் பெயரில் பத்தாம் நம்பர் பூட்சு வந்து இறங்கியது. கொரியர்க்காரர் பெட்டியையும் என் காலையும் மாறி மாறிப் பார்த்தார். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். எனக்கு வருகிற எழுத்து அவ்வளவுதான். அதை யாருக்கும் குறையாமல் போடுவேன். பெட்டியைத் திறந்ததும் பழக்கத்தில் முகர்ந்தேன், விரலால் தடவினேன், இடது பூட்சில் ஒரு தையல் விட்டிருக்கிறது என்றேன். மாப்ளே வாயைப் பிளந்தான்.

முப்பது வருஷம் ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்கியவள் நான். நல்ல காய், நொறுங்கல், போன வருஷத்துக் காய் மூன்றையும் பேசிக்கொண்டே பிரிப்பேன். அந்தச் சமயத்தில்தான் கணக்கப்பிள்ளை, கண் மங்கிவிட்டது என்று என்னை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே ஊருக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் காலையில் மாப்ளே வந்து நின்றான். "வெளியாளுககிட்ட வாங்குறதுல போலி நெறைய வருது ஆத்தா. ஒங் கண்ணு வேணும்" என்றான். எனக்கு உள்ளுக்குள் எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. வெளியே, "வெரசா காட்டு, எனக்கு ஆயிரம் சோலி கெடக்கு" என்றேன்.

அதன்பிறகு என் மடிக்கு வராமல் ஒரு சோடியும் விலைக்குப் போனதில்லை. போலி, பழசு என்று நான் தள்ளியதைத் தெருவில் வைத்து அரிவாளால் வெட்டிவிடுவான். அது கைமாறிப் போய் இன்னொருவன் ஏமாறக் கூடாதாம். வெட்டும் முன் அதையும் ஒருமுறை கும்பிடுவான்.

இப்படி இருக்கையில் ராசிங்காபுரத்தில் ஒரு பெண் அமைந்தது. பெண்ணுக்கும் அவனைப் பிடித்திருந்தது. அவள் அப்பாதான், போனில் செருப்பு விற்பதெல்லாம் ஒரு தொழிலா, பஜாரில் கடை பிடிக்கட்டும், தையில் முகூர்த்தம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். மாப்ளே கையில் இருந்த அத்தனையையும் போட்டு, பெங்களூர்க்காரர் ஒருவரிடம் ஒரே ஒரு சோடி வாங்கினான். அதை விற்றால் கடைக்கு அட்வான்சு ஆகிவிடும்.

பெட்டி வந்த அன்று தெருவே கூடிவிட்டது. பெண்ணின் அப்பா வந்திருந்தார். வேடிக்கை பார்க்கக் கணக்கப்பிள்ளையும் வந்து நின்றார். மாப்ளே கும்பிட்டுப் பெட்டியைத் திறந்து என் மடியில் வைத்தான்.

அடிப்பாகம் முழுக்க மஞ்சள் பூத்திருந்தது. ஏலக்காயில் பச்சைதான் உயிர்; வெளுத்து மஞ்சளானால் பழைய காய். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இது பழைய சரக்கு அப்பு. புதுசுன்னு சொல்லி ஒன்னைய ஏமாத்திட்டான்" என்றேன்.

மாப்ளே ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கணக்கப்பிள்ளை சிரித்தார். "கண்ணவிஞ்ச பொம்பள பேச்சக் கேட்டு வெட்டிப்புடாத மாப்ளே. நான் இந்தம்மாவ நிப்பாட்டுனதே அதுக்குத்தான்."

மாப்ளே என்னைப் பார்த்தான். பெண்ணின் அப்பாவைப் பார்த்தான். பிறகு கணக்கப்பிள்ளையைப் பார்த்து, "ஆத்தா சொன்னா சரியாத்தான் இருக்கும்ணே" என்றான். உள்ளே போய் அரிவாளை எடுத்து வந்தான். இரண்டு பூட்சையும் வெட்டினான். நான் நிமிர்ந்த தலையோடு வீட்டுக்கு நடந்தேன்.

கடை வரவில்லை. அந்தப் பெண் வேறு ஊருக்கு வாக்கப்பட்டுப் போனாள். ஏமாந்த மாப்ளே என்று ஊர் பெயரை நீட்டியது. அவன் சிரித்துக்கொண்டே அடுத்த குலுக்கலுக்குப் போன் சேர்த்தான்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம்தான் இருந்தான். போன மழைக்காலத்தில் நான்கு நாள் காய்ச்சல், ஆள் இல்லை.

மிச்சமிருந்த பெட்டிகளை எடுக்க, அவனிடம் வழக்கமாக வாங்கும் கொச்சிக்காரர் ஒருவர் போடிமெட்டு வழியாக வந்தார். அவன் அக்கா என்னையும் கூப்பிட்டிருந்தாள். ஒரு பெட்டியில் அதே மாதிரி மஞ்சள் பூத்த சோடி. அதைத் தள்ளிவைத்தேன். கொச்சிக்காரர் தன்மையாக எடுத்து முன்னால் வைத்தார்.

"அம்மச்சி, இது பழசில்லா. பழைய ஸ்டைலுக்கு மஞ்ஞளாக்கித்தான் கம்பெனியே எறக்குது. இதுக்குத்தான் இந்த வெல."

தள்ளியதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "மாப்ளைக்கு இது தெரியுமா?"

"அவரல்லே எனக்குப் பறஞ்சு தந்தது. மூணு வருஷமாயி."

அந்தச் சோடியை அவன் வெட்டி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

நான் சொல்லச் சொல்ல அவன் அக்கா இதை எழுதுகிறாள். கணக்கப்பிள்ளை இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் வாங்குகிறவர். அவர் படிக்கட்டும், ராசிங்காபுரத்தில் படிக்கட்டும். மாப்ளே எந்த நாளும் ஏமாந்தவன் இல்லை. அன்று தவறியது என் கண்தான். இதை அவன் இருக்கும்போதே ஊரறியச் சொல்ல எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. சொல்லியிருந்தால் காது கேட்காதவன் மாதிரி, பெட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்திருப்பான்.