மேல்மாடிக்கு ஓர் உத்தியோகம்

போட்டோக்கொப்பி மெசினுக்குள் சிக்கிய தாளைக் கிழியாமல் உருவியெடுக்கும் போராட்டத்தில் அப்ராஸ் இருந்தபோது, மேசையில் கிடந்த போன் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. கை நிறைய மை. தொடாமல் எட்டிப் பார்த்தான். இரண்டு தடவை வாசித்தான்.

'தகவல் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பதவிக்குத் தாங்கள் தெரிவு செய்யப்பட்டுள்ளீர்கள். மேலதிக விபரங்களுக்கு எமது இணையத்தளத்தைப் பார்வையிடவும்.'

பெயர் இல்லை. பரீட்சை எண் இல்லை. கீழே ஒரு கையொப்பம்கூட இல்லை.

"என்ன மச்சான், மௌத்துச் செய்தியா, ஆரும் போயிட்டாங்களா? மூஞ்சி வெளுத்துப் போச்சே" என்றபடி றஸாக் போனைத் தன் பக்கம் திருப்பினான். றஸாக் நிந்தவூரில் திறீவீல் ஓட்டுபவன். அவனிடம் ஒரு செய்தியைச் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்றுதான். ஒலிபெருக்கிக்குச் சக்கரம் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"மாஷா அல்லாஹ்! கிடைச்சிட்டுடா உனக்கு!"

"பொறு மச்சான், இது எனக்குத்தானா எண்டு தெரியா..."

"உண்ட போனுக்கு வந்தது உனக்கில்லாம ஊராக்களுக்கா?"

பிரதி எடுக்கக் கொண்டு வந்த பத்திரத்தை மறந்து விட்டுவிட்டு றஸாக் ஓடினான். வெளியே திறீவீல் உறுமிக்கொண்டு கிளம்பியது.

ஊராக்களுக்குத்தான். அதுதான் அப்ராஸின் பயம்.

அவனுடைய கொமினிகேசன் கடைக்கு விண்ணப்பம் போட வருபவர்களில் பாதிப் பேருக்கு மின்னஞ்சல் இருக்காது. மீதிப் பேர் சிம்மை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அதனால் விண்ணப்பத்தில் தன் நம்பரையே போட்டுவிடுவது அப்ராஸின் வழக்கம். செய்தி வந்தால் ஆளைத் தேடிப் பிடித்துச் சொல்லிவிடுவான். 'பரோபகாரி' என்று ஊரில் பெயரும் எடுத்திருந்தான். இந்தப் பதவிக்கும் அப்படித்தான். தனக்குப் போட்ட அன்றைக்கே ஹாட்வெயார் கடை நளீருக்கும், பாலர் பாடசாலை ஸுல்பிகா டீச்சருக்கும் போட்டுக் கொடுத்தான். மூன்று பேருக்கும் ஒரே நம்பர். பரீட்சைக்கும் நேர்முகத்துக்கும் அழைப்பு அவரவருக்குத் தபாலில் வந்தது, முடிவு மட்டும்தான் இப்படிப் போனுக்கு. இப்போது அந்தப் பரோபகாரம் கயிறாகிக் கழுத்தில் விழுந்திருந்தது.

இணையத்தளத்தைத் திறந்தான். 'பராமரிப்புப் பணிகள் நடைபெறுகின்றன. தடங்கலுக்கு வருந்துகிறோம்.' கணினி தெரிந்தவர்களை நாடு முழுக்கத் தேடுகிற திணைக்களம் அது. அலுவலகத்துக்கு அழைத்தான். ஓர் இசை ஓடியது, நின்றது, தொடர்பு அறுந்தது. திரும்ப அழைத்தான். அதே இசை.

அடுத்த மேசையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த றுக்ஸானா ராத்தா தலையை நிமிர்த்திப் பார்த்தாள். நாற்பதைத் தாண்டியவள், அவனுக்கு அக்காபோல, மூன்று பிள்ளைகளின் தாய். வெள்ளிக்கிழமைகளில் அப்ராஸ் ஜும்ஆத் தொழுகைக்குப் போனதும் கடை அவள் கைக்கு வரும். ஆண்களெல்லாம் பள்ளிவாசலுக்குள் இருக்கும் அந்த நேரத்தில்தான் ஊர்ப் பெண்கள் தங்கள் வேலைகளை முடிக்க வந்து போவார்கள். கடைக்கு வருபவர் விபரம் கடைப் படியைத் தாண்டக் கூடாது என்பது அப்ராஸ் அவளுக்குப் போட்ட சட்டம்.

"தம்பி..." என்று ஏதோ தொடங்கினாள்.

"பொறகு ராத்தா, பொறகு" என்றான் அவன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுத் திரும்பத் தட்டச்சில் குனிந்தாள்.

அவனுக்கு இனி வயதில்லை. இந்தத் தடவை தவறினால் அடுத்த பரீட்சைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. அதைவிடப் பெரிய பயம் சாய்ந்தமருதில் நெல் ஆலை வைத்திருக்கும் பதியுதீன் ஹாஜியார். அவருடைய மகள் முஸ்பிறாவை அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். அவளும் ஒலுவில் கெம்பஸில் கொம்பியூட்டர் படித்தவள்தான். நல்ல பொருத்தம் என்று எல்லாரும் சொன்னார்கள். அப்ராஸ் அவளை ஒரேயொரு தடவை, இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் வைத்துப் பார்த்தான். தேநீர்க் கோப்பை அவன் கையில் ஆடியதைக் கண்டு அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அன்றிலிருந்து வேறு பெண்ணை அவனால் நினைக்க முடியவில்லை.

ஆனால் மகளுக்கென்று கட்டும் வீட்டைப் பற்றி ஹாஜியார் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "கீழ் வீடு எண்ட மகளுக்கு. மேல்மாடி மாப்பிளைட உத்தியோகத்துக்கு. உத்தியோகம் வந்தாத்தான் கொங்கிறீட்."

உத்தியோகம் வராவிட்டால் மேல்மாடியும் வராது, மாப்பிள்ளையும் வரமாட்டான் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் விளங்கியது. ஒரு வருடமாக அந்த வீட்டின் தலையில் கம்பிகள் துருப்பிடித்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அப்ராஸ் மற்றப் பக்க ஜன்னலைப் பார்ப்பான்.

கடையை றுக்ஸானா ராத்தாவிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் பறந்தான். செய்தி அவனை முந்திப் போயிருந்தது. அவனுடைய தாய் சபியா உம்மா இனிப்பு வட்டிலப்பத்துக்கு முட்டை அடித்துக்கொண்டிருந்தாள்.

"உம்மா, அது எனக்கு வந்ததா எண்டு சரியாத் தெரியா. ஆரிட்டயும் செல்லாதீங்க."

சபியா உம்மா உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். கண்கள் மட்டும் கலங்கிச் சிரித்தன.

"விளங்குது மனே. வாய விட்டாக் கண்ணூறு பட்டிரும். நான் மூச்சு விடமாட்டன்."

"கண்ணூறு இல்ல உம்மா, மெய்யாவே தெரியா!"

"இப்பிடியே செல்லு. ஆர் கேட்டாலும் இப்பிடியே செல்லு. நல்லா நடிக்கிறாய்."

அதற்குப் பிறகு அவன் சொன்ன ஒவ்வொரு மறுப்பும் உறுதியாக மாறியது. பள்ளிவாசலில் தோளைத் தட்டியவரிடம் "இன்னும் முடிவு தெரியா" என்றான். "அடக்கமான புள்ள" என்றார் அவர். தேநீர்க் கடையில் "இல்ல" என்று தலையாட்டினான். "நம்மட கண்ணுக்குப் பயப்படுறான்" என்று ஒருவர் மனம் நொந்தார். கண்ணூறு கழிக்க வேண்டும் என்று சபியா உம்மா லெப்பையை அழைத்து ஓதுவித்தாள். ஓதும்போது ஆமீன் சொல்ல ஆள் வேண்டும் என்று தெருவையே கூப்பிட்டாள். வந்தவர்கள் வட்டிலப்பம் சாப்பிட்டுவிட்டு, இந்த விஷயத்தை ஒருவரிடமும் சொல்வதில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு போனார்கள்.

அன்று மாலையே ஹாஜியாரின் அழைப்பு வந்தது.

"மருமகன்! மேசன் பாஸுக்குச் செல்லிட்டன். வியாழக்கிழம கொங்கிறீட்."

போனை வைத்துவிட்டு அப்ராஸ் யோசித்தான். ஒருவரைப் பொய்யாக நம்ப வைப்பது ஒரு பாவம். அவர் தலைக்கு மேல் அந்தப் பொய்யைக் கம்பி கட்டி ஊற்ற வைப்பது வேறு பாவம். மறுநாள் காலையில் சாய்ந்தமருதுக்கு ஓடினான்.

ஹாஜியார் இப்போதைக்குக் குடும்பத்தோடு இருந்த அந்தக் கீழ் வீட்டின் வாசலில், மணல் குவியலுக்கு முன் நின்றார். பக்கத்தில் வீடு கட்டும் மேசன் பாஸ்.

"மாமா, கொஞ்சம் பொறுத்துச் செய்வமே" என்றான் அப்ராஸ்.

"ஏன்?"

உண்மை நாக்கின் நுனி வரை வந்தது. கீழ் வீட்டு ஜன்னல் திரை மெல்ல அசைவதைக் கண்டான். உண்மை திரும்பித் தொண்டைக்குள் போய்விட்டது.

"இல்ல... தூரத்துல போட்டாலும் போடுவாங்க. முல்லைத்தீவு, மொனறாகல எண்டு. வருசக் கணக்கா வரேலாமப் போனா, வீடு சும்மா கிடக்கும்."

ஹாஜியார் தாடியைத் தடவினார். அப்ராஸுக்கு மூச்சு வந்தது. ஒரு கண நேரம்தான்.

"சரியாச் செல்றீங்க" என்றார் ஹாஜியார். "அப்ப தூரப் போறத்துக்கு முந்தி நிக்காஹ்வ முடிச்சிருவம். வியாழக்கிழம கொங்கிறீட், வெள்ளிக்கிழம நிக்காஹ். விருந்தப் பொறகு பாத்துக்கலாம்."

"மாமா..."

"நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. பாஸ், கம்பி சரிதானே?"

"கம்பி சரி ஹாஜியார்" என்றான் மேசன் பாஸ். "ஆனா ஒண்டு, யோசிச்சுச் செய்ங்க. ஊத்தினா ஊத்தினதுதான். இது சோறில்ல, திரும்பிச் சட்டிக்குள்ள அள்ளுறத்துக்கு."

கடைக்குத் திரும்பி வந்தபோது நளீர் காத்துக்கொண்டிருந்தான்.

"சந்தோசம் மச்சான்" என்றான் நளீர். "எனக்கு ஒண்டும் வரல்லயா?"

"இல்ல" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

நளீர் போய்விட்டான். அப்ராஸ் கதிரையில் உட்கார்ந்து மை படிந்த கைகளைப் பார்த்தான். இதுவரை அவன் குழம்பியவன்தான். இந்த ஒரு சொல்லோடு கள்ளனாகிவிட்டான். இது நளீருக்கு வந்ததாக இருந்தால்? திணைக்களம் குறிக்கும் திகதிக்கு நளீர் போகாமல் விட்டால்? நளீருக்கும் வயது போகிறது. அவனுக்கு ஒரு பிள்ளையும் இருக்கிறது.

இணையத்தளம் பராமரிப்பில் இருந்தது. அலுவலகத் தொலைபேசி அதே இசையை இசைத்தது. பகல் சோறு இறங்கவில்லை. திறீவீல் சத்தம் கேட்டாலே மெசினுக்குப் பின்னால் ஒதுங்கினான். புதன்கிழமை ஒரு வயலுக்குச் சீமெந்து ஏற்றிப் போன லொறியைக் கண்டு அது ஹாஜியாருடைய சீமெந்து என்று நினைத்து வியர்த்தான்.

வியாழக்கிழமை காலை விடிந்ததும் அவனால் இனியும் மறைக்க முடியவில்லை. நளீரின் ஹாட்வெயார் கடைக்குப் போய், இரும்பு வாளிகளுக்கு நடுவில் நின்று எல்லாவற்றையும் கொட்டினான்.

"அந்த மெசேஜ் உனக்கு வந்ததாயும் இருக்கும் மச்சான். உண்ட விண்ணப்பத்துலயும் எண்ட நம்பரத்தான் போட்ட நான். உன்னட்டப் பொய் சென்னன். என்ன மன்னிச்சிரு."

நளீர் அவனை உற்றுப் பார்த்தான். பிறகு வாளியைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

"டேய், நான் அந்தச் சோதினைக்குப் போகவே இல்லயே! அண்டைக்கு வயல்ல வெட்டு மெசின் வந்த. மெசின விட்டா நெல் மழையில போயிரும். வீட்டுல ஏசுவாங்க எண்டு சோதினைக்குக் கல்முனைக்குப் போன மாதிரி நடிச்சன். உன்னட்ட வந்து கேட்டதும் அந்த நடிப்புத்தான். நீ ஆரிட்டயும் செல்லிராத."

"மெய்யா?"

"அல்லாஹ்மேல ஆணை. ஸுல்பிகா டீச்சருக்கு வந்ததா எண்டு கேளு."

டீச்சரைத் தேடி ஓடினான். பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே அவள் வாசலுக்கு வந்தாள்.

"எனக்கா? நேர்முகத்துலயே வெட்டிட்டாங்க தம்பி. சேட்டிபிக்கற் ஒண்டு குறையுதாம், எடுக்கேலாதெண்டு மூஞ்சிக்கு நேரயே செல்லி அனுப்பிட்டாங்க. வெக்கத்துல உங்களுக்குச் செல்லல்ல."

அப்ராஸ் மதிலைப் பிடித்துக்கொண்டான். மூன்றில் இரண்டு போனால் மிச்சம் ஒன்று. அந்த ஒன்று அவன்தான். நாலு நாளாக அவன் பயந்தது தன்னுடைய உத்தியோகத்துக்கே! வட்டிலப்பம் அவனுக்கு. ஆமீன் அவனுக்கு. மேல்மாடி அவனுக்கு. மதிலில் சாய்ந்து நின்று சத்தமாகச் சிரித்தான். பாலர் பாடசாலைப் பிள்ளைகள் அவனைப் பார்த்துத் தாங்களும் சிரித்தார்கள்.

அவன் சாய்ந்தமருது போய்ச் சேர்ந்தபோது கலவை மெசின் கடகடத்துக்கொண்டிருந்தது. வேலையாட்கள் வரிசையாக நின்று கலவை அள்ளிய தாச்சிச் சட்டிகளைக் கைமாற்றினார்கள். மேலே பாதிக்கு மேல் ஊற்றியாகிவிட்டது. ஹாஜியார் தொப்பியில் சீமெந்துத் தூசியோடு நின்று அவனைக் கட்டியணைத்தார்.

"இண்டைக்குத்தான் மருமகன் உங்கட முகத்துல சந்தோசத்தக் காணுறன்."

"பயம் தெளிஞ்சிட்டு மாமா" என்றான் அப்ராஸ். இந்த நாலு நாளில் ஹாஜியாரிடம் அவன் சொன்ன முதல் உண்மை அது.

வேலையாட்களுக்குச் சமைத்த இறைச்சிக் கறியின் வாசம் வந்தது. நாலு நாளைக்குப் பிறகு அவனுக்குப் பசித்தது. தட்டை நீட்டப்போன நேரம், வாசலில் றஸாக்கின் திறீவீல் வந்து நின்றது. அதிலிருந்து றுக்ஸானா ராத்தா இறங்கினாள். வந்தவள் நேராக அவனிடம் வராமல், முதலில் வீட்டுக்குள் போனாள். கொஞ்ச நேரம் கழித்துப் பின்வாசலால் வந்து, மணல் குவியலுக்குப் பின்னால் நின்று கையைக் காட்டினாள்.

"தம்பி, வெப்சைட் தொறந்திட்டு" என்றாள் மெல்ல.

"அல்ஹம்துலில்லாஹ்! எண்ட சோதினை நம்பரப் பாத்தீங்களா?"

"பாத்தன். இல்ல."

கலவை மெசினின் சத்தம் திடீரென்று எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது. அப்ராஸ் தட்டை மணலில் வைத்தான்.

"வடிவாப் பாத்தீங்களா?"

"மூணு தரம் பாத்தன்."

"அப்ப அந்த மெசேஜ் ஆருக்கு வந்த? நளீர் எழுதவே இல்ல. டீச்சர வெட்டிட்டாங்க. எண்ட போன் நம்பரப் போட்டவங்க வேற ஆரும் இல்லயே ராத்தா!"

"நீங்க போட்டதுல இல்ல. நான் போட்டதுல ஒண்டு இரிக்கி. வெள்ளிக்கிழம நீங்க ஜும்ஆவுக்குப் போன நேரம். நானும் வழக்கப்படி உங்கட போன் நம்பரத்தான் குடுத்தன். வாறவங்கட கதய வெளிய விடாதீங்க எண்டு நீங்கதானே செல்லி வெச்சீங்க."

மேலே கடைசித் தாச்சி கைமாறியது. மேசன் பாஸ் பலகையால் மேற்பரப்பைத் தடவி மட்டப்படுத்தத் தொடங்கினான். ஹாஜியார் அண்ணாந்து பார்த்துப் பூரித்தார். அவரிடம் போய் எந்தச் சொல்லால் தொடங்குவது என்று அப்ராஸ் தேடினான்.

"ஆர் ராத்தா அது?"

றுக்ஸானா ராத்தா கீழ் வீட்டு ஜன்னல் பக்கம் கண்ணைக் காட்டினாள். திரை விலகியிருந்தது. யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"உங்கட பொம்பிளைதான் தம்பி. நாளைக்கு நிக்காஹ் முடிஞ்சு, கொங்கிறீட்டும் இறுகினாப் பொறகு வாப்பாட்ட அவவே செல்லுவாவாம். அதுவரைக்கும் நீங்க வாய விட வேணாமாம், கண்ணூறு பட்டிருமாம்."