ஐம்பதில் நின்ற முள்

"என்னாண்ணே பண்ண?"

ஏசி பார்க்கிற அரிகிருஷ்ணன் கேட்டபோது ஆதிமூலம் துடைக்கிற துணியும் கையுமாக நின்றார். ஈரத்தைக் காட்டும் சுவர் மீட்டரின் முள் நூறைத் தாண்டிப் போய்ச் சாய்ந்து கிடந்தது.

"உள்ளேயும் தொடைச்சிடலாம்னு மூடியத் தொறந்தேன் தம்பி. ஒரு முடி கெடந்துது. குப்பைன்னு இழுத்தேன்."

"போச்சு. அந்த முடிதாண்ணே மீட்டரே."

"முடியா?"

"மனுச முடி. காத்துல ஈரம் ஏறுனா நீளும், காஞ்சா சுருங்கும். அது இழுக்குற இழுப்புக்குத்தான் முள்ளு ஓடுது. ஐம்பதுல நின்னா காயிதத்துக்கு நல்லது."

கடற்கரைக்குப் பின்தெருவில், பிரெஞ்சுக்காரர் காலத்து வீடொன்றில் இருந்தது அந்த ஆவணக் காப்பகம். எந்தக் காலத்திலோ செத்துப்போனவர்களின் பத்திரங்கள் அலமாரி அலமாரியாகத் தூங்கின. மில் மூடிய பிறகு ஆதிமூலத்துக்குக் கிடைத்த தினக்கூலி வேலை, அந்தத் தூக்கம் கலையாமல் பெருக்கித் துடைப்பது. மறுநாள் சென்னையிலிருந்து ஆவணப் பாதுகாப்பு நிபுணர் வருகிறார். அவர் நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் வேலையை நிரந்தரமாக்குவதாகக் காப்பகப் பொறுப்பாளர் கலைமகள் மேடம் சொல்லியிருந்தார்.

ஆதிமூலம் தன் தலையிலேயே கை வைத்தார். பிடுங்கியது குட்டையாக இருந்தது. இன்னொன்றைப் பிடுங்கி முடிச்சுப் போட்டு இழுத்து மாட்டினார். முள் ஒரே பாய்ச்சலாகப் பத்துக்கு இறங்கியது.

அந்த நேரம் பார்த்து மேடம் வந்தார்.

"ஐயோ, ரூம் ஏன் இப்படிக் காஞ்சு கெடக்கு? ஆதிமூலம், ஈரம் உறிஞ்சுற மெஷினை நிறுத்துங்க. வாளியில தண்ணி கொண்டாந்து வைங்க."

வாளி வைத்தார். முள் அசையவில்லை. மேடம் ஜன்னலுக்கு ஈரச் சாக்கு கட்டச் சொன்னார். கட்டினார். முள் பத்திலேயே இருந்தது. அலமாரிக் கதவுகள் ஊதிப்போய்த் திறக்க மறுத்தன. கடல்காற்று சாக்கில் நனைந்து உள்ளே வந்தபோது, மில்லில் நூல் அறாமலிருக்கத் தூவுகிற பனிச்சாரல் மாதிரி இருந்தது. அதில் ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றுவிட்டார் ஆதிமூலம்.

"அண்ணே, தூங்காத. நீளமான முடி வேணும்," என்றான் அரிகிருஷ்ணன்.

சாப்பாட்டு நேரத்தில் முத்தியால்பேட்டை வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தார்.

"செல்வி, ஒரு முடி குடு."

மனைவி செந்தமிழ்ச்செல்வி கொண்டையைப் பிடித்துக்கொண்டாள். "என்னாய்யா பேசுற நீ?"

"மீட்டருக்கு. இல்லன்னா எனக்கு வேலை போயிடும்."

"உங்க ஆபீசுல வேற பொம்பளையே இல்லியா?"

"மேடத்துக்குக் கிராப்பு."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "ஸ்ஸ்..." என்று வலிக்கிற சத்தம் கேட்டது. பேப்பரில் மடித்துக் கொண்டுவந்து நீட்டினாள். ஆதிமூலத்துக்கு நெஞ்சு இளகிவிட்டது.

அரிகிருஷ்ணன் அதை மாட்டி, திருகாணியைத் திருகி முள்ளை ஐம்பதுக்குக் கொண்டுவந்தான். நின்றது. வாளியை வெளியே எடுத்தார்கள். நின்றது. கதவைத் திறந்தார்கள். அப்போதும் நின்றது.

ஆதிமூலம் அதன் கீழேயே உட்கார்ந்துகொண்டார். அந்த ஒற்றை முடி நீண்டு நீண்டு அறை முழுக்கப் பரவி, பத்திரங்களை எல்லாம் போர்த்தித் தாலாட்டுவது போல அவருக்குத் தோன்றியது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் செல்விக்குள் இப்படி ஒரு நிதானம் இருப்பதைக் கவனிக்காமல் போனோமே என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் நிபுணர் பலராமன் வரும்போது மழை கொட்டியது. கரண்டும் போனது. சுவரில் தண்ணீர் கோடு கோடாக இறங்கியது. நிபுணர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து முள்ளைப் பார்த்தார்.

"ஐம்பது," என்றார். "இந்த மழையிலயும் ஐம்பது. இப்படி ஒரு ரூமை நான் பாத்ததே இல்ல."

"சார், சட்டை ஒட்டுதே," என்றான் அரிகிருஷ்ணன்.

"அது உங்க ஒடம்பு. முள்ளு பொய் சொல்லாது. இந்த ரூமுக்கு மெஷினே தேவையில்ல, தூக்கிடுங்க."

மேடத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "ஆதிமூலம், அடுத்த மாசத்துலேருந்து நீங்க நிரந்தரம். மத்த ரூம் மூணுலயும் முள்ளு ஆடிக்கிட்டே கெடக்கு. அதுவும் இதே மாதிரி நிக்கணும். உங்க பொறுப்பு."

மழையோடு வீட்டுக்கு வந்தார். வழியில் வாங்கிய மல்லிகைப்பூ, பொட்டலத்தோடு நனைந்திருந்தது.

"உன் முடி வெச்ச நேரம், வேலை நிரந்தரம் ஆயிடுச்சு செல்வி. எம்மாம் மழை பேஞ்சும் அசையலியே. இன்னும் மூணு மட்டும் குடு. வலிக்கும், பொறுத்துக்க."

செந்தமிழ்ச்செல்வி மீன் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு பூவை வாங்கிக்கொண்டாள்.

"என் தலைமுடிய ஊரான் பொட்டிக்குள்ள வெச்சு, நாளைக்கு எவனாவது செய்வினை செஞ்சா யாருய்யா பாக்குறது? கதவுக்குப் பின்னால நைலான் சவுரி தொங்குது பாரு, நேத்து உருவுன எடத்துலயே இன்னும் மூணு உருவிக்க."