எங்கள் சந்தில் ஆள் எண்ணிய நாள்

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கிணற்றில் வண்டிமாடு ஒன்று விழுந்து, ஊரே கயிறு கட்டித் தூக்கிய வருஷம் அது. (மாடு செவலையா மயிலையா என்று இன்றைக்கும் சண்டை உண்டு. செவலைதான். வாலைப் பிடித்திருந்தவன் நான்.) அந்த மாடு மறுநாளே எழுந்து புல் தின்றது. அதே மாதம் நான் விழுந்த பள்ளத்திலிருந்து இன்னும் எழவில்லை.

சிவகாசியில் எங்கள் சந்துக்குள் குடையை மடக்காமல் நுழைய முடியாது. எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் வாசலில் உட்கார்ந்து பெண்கள் தீப்பெட்டி ஒட்டுவார்கள். ஒட்டிய பெட்டிகள் சுளகில் காயும். ஒரு சுளகையும் மிதிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு நடப்போம். என் வாசலுக்கு நேர் எதிர்வாசல் மரியபுஷ்பத்தினுடையது. கையை நீட்டினால் பசைக்கிண்ணம் கைமாறும். பசை கேட்பதைத் தவிர அவளிடம் வேறு எதுவும் பேச எனக்குத் தைரியம் இருந்ததில்லை. (எங்கள் வீட்டில் பசை நிறையவே இருந்தது.)

சந்தின் கடைசியில் இருந்த தீப்பெட்டிக் கம்பெனிக்கு லாரி போக வேண்டும், எதிர்வரிசை வீடுகளை எடுத்துவிட்டு அகலப்படுத்தலாம் என்று பேச்சு வந்தது. அதற்கு முன்னால், இங்கே எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க முனிசிபாலிட்டி ஆபீஸிலிருந்து ஒருவர் வருகிறாராம். கிணற்றடியில் கூடினோம்.

"லாரி வந்தா லோடை வாசல்லயே ஏத்தலாம்ல?" என்றார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி.

"ஏத்துவீக, ஏத்துவீக. பெட்டிய உங்க தலையிலயா காயப்போடுறது?" என்றாள் மரியபுஷ்பத்தின் அம்மா.

நான் எழுந்தேன். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன். தீப்பெட்டி ஒட்டும் வீட்டில் பிறந்தவனுக்குத் தெரிந்த கணக்கு ஒன்றே ஒன்றுதான்: எண்ணிக்கை கூடினால் நல்லது.

"நெறையப் பேரு நடக்காகன்னு தெரிஞ்சா நம்ம சந்தத் தொடமாட்டாக. அவரு எண்ணுறப்ப எல்லாரும் நடந்துக்கிட்டே இருப்போம்!"

கைதட்டினார்கள். (அதற்குப் பிறகு என் யோசனை எதற்கும் யாரும் கைதட்டியதில்லை.)

மறுநாள் காலையில் அவர் வந்து, சந்து முனையில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். நான் நடுவில் நின்று ஆட்களை ஏவினேன். சந்துக்குள் நடந்து, பின்தெரு வழியாகச் சுற்றி, மறுபடியும் சந்துக்குள். அண்ணாச்சி துண்டோடு ஒரு தடவை, துண்டில்லாமல் ஒரு தடவை போனார்.

"நீங்க இப்பத்தானே போனீங்க?"

"அது எங்க அண்ணன் சார்."

மரியபுஷ்பம் வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பதினோரு தடவை நடந்தாள். என்னைத் தாண்டும்போதெல்லாம் ஏதாவது சொன்னாள். "காலு வலிக்குது." "இன்னும் எம்புட்டுத் தடவ?" ஏழாவது தடவை குரலைத் தாழ்த்தி, "எப்பவும் பசையவே கேக்குறீகளே, வேற ஒண்ணும் கேக்கத் தெரியாதா?" என்றாள்.

அவள் சுற்றி வருவதற்குள் பதில் யோசித்தேன். வந்தாள். "குடத்தக் கொஞ்சம் சாச்சுப் பிடி, வெறுங்குடம்னு தெரியுது" என்றேன்.

இருந்தாலும், அப்படியொரு நாள் எனக்கு மறுபடி வாய்க்கவில்லை.

சாயங்காலம் அந்த மனிதர் நோட்டை மூடிவிட்டு என் தோளைத் தட்டினார். "என்னப்பா இவ்வளவு நெரிசல்! பாவம், இத்தனை ஜனமும் இந்தச் சந்துல எப்படி நடக்குது? கண்டிப்பா அகலப்படுத்தணும்னு எழுதிடுறேன்."

மரியபுஷ்பத்தின் அம்மா என்னைப் பார்த்தாள். "எங்க வீட்ட எங்கள நடக்க வச்சே இடிச்சிட்டியேலே!"

அடுத்த வருஷத்துக்குள் எதிர்வரிசை போய்விட்டது. மரியபுஷ்பம் வீட்டார் காரியாபட்டிப் பக்கம் குடிபோனார்கள். வண்டி உள்ளே வராது என்பதால், சாமான்களைச் சந்து முனைவரை நான்தான் சுமந்தேன். கடைசியாகப் பசைக்கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தேன். அப்போதும் வேறு எதுவும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டு விசேஷங்களில் கூட்டம் சேர்ந்தால், "வாசல்ல நின்னு எண்ணிராதீக, வீட்ட இடிச்சிருவாக" என்பாள் என் சம்சாரம். பேரன்பேத்திகளும் இப்போது அதையே சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சிரிப்பேன். சந்தாக இருந்த அந்த ரோட்டை இன்றைக்குத் தாண்ட வேண்டுமானால் யாராவது என் கையைப் பிடிக்க வேண்டும். லாரிகளுக்கு நடுவே, எதிர்ப்பக்கம் நிற்பது யாரென்றே தெரிவதில்லை.

உங்கள் தெருவுக்கு யாராவது நோட்டோடு வந்தால், தெருக்காரர்களை ஒரு தடவை நடந்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குள் போகச் சொல்லுங்கள். காரியாபட்டிப் பக்கம் போகிறவர்கள் இந்தக் கதையை அங்கேயும் சொல்லிவையுங்கள்.