எல்லாவற்றுக்கும் ஆம்

“இதே பெயரில் ஏற்கெனவே ஒரு பாட்டு இருக்கிறது. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கவா?” என்று கம்ப்யூட்டர் கேட்டது.

‘ஆம்’ என்று அழுத்தினாள் பாட்டக்கா.

அடுத்த பாட்டுக்கும் அதே கேள்வி. அதற்கடுத்ததற்கும் அதே கேள்வி. இப்படித் தலையாட்டிக்கொண்டே இருந்தால் சாயந்திரத்துக்குள் எங்கே முடிப்பது? கீழே ஓரமாக ‘எல்லாவற்றுக்கும் ஆம்’ என்று ஒரு பட்டன் இருந்தது. எந்தப் புண்ணியவான் வைத்தானோ, நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்திவிட்டு அதை அழுத்தினாள்.

அந்தச் சின்ன வானொலி நிலையத்தில் பாட்டுகளைக் கட்டிக்காப்பது அவள் வேலை. அதனாலேயே எல்லாருக்கும் பாட்டக்கா. அங்கே மூன்று கம்ப்யூட்டர்கள். அறிவிப்பாளர் அறையில் ஒன்று, அவள் அறையில் ஒன்று, டைரக்டர் அறையில் ஒன்று. வேண்டாத பாட்டு மூன்றிலும் இருக்கும். வேண்டிய பாட்டு ஒன்றிலும் இருக்காது. வெளியூர்க் கூட்டத்துக்குக் கிளம்பிய டைரக்டர், காரில் ஏறும்போது சொன்னார்: “நான் திரும்பி வர்றப்ப எல்லாப் பாட்டும் ஒரே இடத்துல இருக்கணும்.”

பாட்டக்கா மூன்றையும் ஒன்றில் சேர்த்தாள். இடம் அடைக்குமே என்று பாட்டுகளை நகலெடுக்காமல், அப்படியே வெட்டியெடுத்து ஒட்டினாள். வேலை முடிந்ததும் திறந்து பார்த்தாள். ஆயிரக்கணக்கில் இருந்த பாட்டு, திரையில் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது.

என்றைக்கோ டிஸ்க்குகளிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றிய பாட்டுகள் அவை. யாரும் பெயர் வைக்கவில்லை. டிஸ்க்குக்கு ஒரு ஃபோல்டர், உள்ளே எல்லாமே ‘ட்ராக் 1’, ‘ட்ராக் 2’தான். ஒரே பெயர் என்பதால் ஒவ்வொன்றும் முந்தியதை விழுங்கிவிட்டு உட்கார்ந்திருந்தது. கடைசியாகச் சேர்த்தது டைரக்டருடைய கம்ப்யூட்டர். ஆகவே மிஞ்சியது அவருடையது மட்டும்.

அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்குள் சுவரில் இருந்த ஸ்பீக்கரில் அறிவிப்பாளர் தேன்குரல் பேசினான். அவன் குரலுக்காக வைத்த பெயர் அது.

“இது வண்டி ஓட்டுபவர்களுக்கான நேரம். உற்சாகமான ஒரு பாட்டோடு ஆரம்பிக்கலாமா?”

ஆரம்பித்தது. பாட்டு அல்ல. ஒரு பெரியவரின் குழைந்த குரல்.

“கண்களை மூடிக்கொள்ளுங்கள்... உங்கள் இமைகள் கனக்கின்றன... கைகளைத் தளர விடுங்கள்... எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள்...”

டைரக்டருக்குத் தூக்கம் வராத வியாதி. அதற்காக வாங்கி வைத்திருந்த பயிற்சி அது.

பாட்டக்கா ஓடினாள். தேன்குரல் நாற்காலியின் நுனியில் இருந்தான்.

“அக்கா, விட்டுவிடுங்கள்ங்கறார். எதை விடறது? ஸ்டியரிங்கையா?”

“நிறுத்துப்பா முதல்ல!”

“நிறுத்திட்டு என்னத்தைப் போடறது? எல்லாம் இந்த ஆள்தான்க்கா! ட்ராக் ரெண்டுல இன்னும் மெதுவாப் பேசறார்!”

சாலையில் வண்டிகள் வரிசையாகக் கண்ணயர்வதை நினைத்ததும் பாட்டக்கா தன் போனை எடுத்து நீட்டினாள்.

“என் போன்ல பாட்டு இருக்கு. இதைச் சொருகு.”

சொருகினான். ஒரு துள்ளலான பாட்டு வந்தது. இருவரும் மூச்சு விட்டார்கள். பாட்டு முடிந்ததும், போனில் ஒலி என்று எதெல்லாம் இருந்ததோ அதையெல்லாம் கம்ப்யூட்டர் தானாகவே எடுத்துப் போட ஆரம்பித்தது. அடுத்து வந்தது, போன வாரம் பாட்டக்கா தன் அக்காவுக்குப் பேசி அனுப்பியது.

“அக்கா, கேளேன்! எங்க டைரக்டர் தலையில இருக்கிறது அவர் முடியே இல்ல. ஃபேன் போட்டா ஒரு கையால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டுதான் மீட்டிங்கே நடத்தறார்!”

அதற்குப் பிறகு ஒரு சிரிப்பு. சொன்னதைவிட அந்தச் சிரிப்பு நீளம்.

தேன்குரல் வாயைப் பொத்திக்கொண்டான். “அக்கா, இது...”

“நான்தான். வயரைப் பிடுங்குப்பா!”

அவன் பதற்றத்தில் கம்ப்யூட்டரின் வயரையே பிடுங்கிவிட்டான். மறுபடி போட்டபோது அது சமர்த்தாக முதலிலிருந்து ஆரம்பித்தது.

“கண்களை மூடிக்கொள்ளுங்கள்...”

“போன் இனி வேண்டாம். இதே ஓடட்டும். நீ மைக்ல பேசிச் சமாளி. நான் வேற வழி பாக்கறேன்” என்று தன் அறைக்கு ஓடினாள். தேன்குரல் வீட்டில் இரட்டைக் குழந்தைகள், பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. தூக்கத்தைக் கண்ணால் பார்த்தே வெகுகாலம் ஆகியிருந்த மனிதன் முன்னால் அந்தக் குரலை ஓட விட்டுவிட்டு வந்தோமே என்று அவளுக்குத் தோன்றவில்லை.

சற்று நேரத்தில் ஸ்பீக்கரில் பெரியவர் குரலுக்குப் பின்னால் ஏதோ மரம் அறுப்பது போல் கேட்டது. போய்ப் பார்த்தாள். மைக்கின் மேலேயே சாய்ந்து, தேன்குரல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

“தம்பி! எழுந்திருப்பா!”

உலுக்கினாள். அவன் சிரித்தான். எழவில்லை.

வேறு வழியில்லை. அவன் நாற்காலியைச் சக்கரத்தோடு ஓரமாகத் தள்ளினாள். பெரியவரை நிறுத்தினாள். மைக் முன்னால் நின்றாள். என்ன பேசுவது என்று தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பித்தாள்.

அதுவரை குளியலறைச் சுவரைத் தவிர யாரும் கேட்டறியாத குரல். முதல் பாட்டு சுருதிக்குப் பக்கத்திலேயே போகவில்லை. இரண்டாவதில் சரணம் மறந்துபோய், ‘ம்ம்ம்’ என்று ஓட்டினாள். ஆனால் இத்தனை வருஷம் காத்து வந்த பாட்டுகள் ஆயிற்றே! ஒன்றை இழுத்தால் இன்னொன்று வந்தது. போகப் போகக் குரலும் பிடிபட்டது. எதற்காகப் பாடுகிறோம் என்பதையே கொஞ்ச நேரம் மறந்துவிட்டாள்.

“யாரு பாடறது அக்கா? இந்தப் பாட்டு நம்மகிட்ட இல்லையே?”

தேன்குரல் எழுந்துவிட்டிருந்தான். நடந்ததை மைக்கைப் பொத்திக்கொண்டு சொன்னாள்.

“அதுக்கு ஏன்க்கா பாடறீங்க? பழைய டிஸ்க் எல்லாம் ஸ்டோர் ரூம் பீரோல இருக்குமே?”

“இதைக் காலையில சொல்றதுக்கு என்ன?”

“காலையில நான் தூங்கியிருக்கலையே.”

பீரோவில் எல்லா டிஸ்க்கும் தூசியோடு பத்திரமாக இருந்தன. பாட்டக்காவுக்குப் போன உயிர் பாதி திரும்பியது. அவன் ஒவ்வொன்றாகப் போட்டு நிகழ்ச்சியை ஓட்டினான். அவள் எல்லாவற்றையும் மறுபடி ஏற்றி, ஒவ்வொரு பாட்டுக்கும் அதன் முதல் வரியையே பெயராக வைத்தாள். மதியச் சாப்பாட்டை மறந்தாள். சாயந்திரம் எல்லாப் பாட்டும் நிஜமாகவே ஒரே இடத்தில் இருந்தன.

போன பாட்டு வந்துவிட்டது. போன மானம்?

“ஒரு போன்கூட வரலையேப்பா” என்றாள்.

“நல்லதுதானே?”

“நல்லதா? ரொம்பக் கோபம் வந்தா மனுஷங்க பேச மாட்டாங்க.”

சொல்லி வாய் மூடவில்லை, அவள் போன் அடித்தது. மாமியார்.

“வேலை முடிஞ்சுதாம்மா? இன்னிக்கு உங்க ரேடியோவை ஒரு நிமிஷம் விடாம கேட்டேன்.”

பாட்டக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். “எப்படி அத்தை இருந்துச்சு?”

“அதுக்கென்னம்மா, எப்பவும் போல அருமை!”

குறட்டையைக் கேட்டும் மருமகளை விட்டுக்கொடுக்காத அந்த மனசை நினைத்து அவளுக்குக் கண் கலங்கியது. ஆனால் டைரக்டருக்கு என்ன மாமியார் மனசா இருக்கும்? சாப்பாட்டு டப்பா, சால்வை, மேஜை மேலிருந்த பிள்ளைகள் படம், எல்லாவற்றையும் பைக்குள் போட்டுக்கொண்டாள். அனுப்புவதற்கு முன்னால் தானே போய்விடலாம்.

வாசலில் டைரக்டரின் கார் வந்து நின்றது. தலைமேல் ஒரு கையை வைத்தபடி இறங்கினார். அன்றைக்குக் காற்று அதிகம். பாட்டக்கா தரையைப் பார்த்தாள்.

“சார், இன்னிக்கு நிகழ்ச்சியில...”

“வழி நெடுக அதைத்தானே கேட்டுட்டு வந்தேன்.”

“முழுக்கவா சார்?”

“முழுக்க. பிரமாதம்! தினமும் இப்படியே இருக்கணும்” என்று சொல்லிவிட்டு, விசில் அடித்துக்கொண்டே உள்ளே போனார்.

தன் தலைமுடி ஊரெல்லாம் சிரிப்பாகியும் பிரமாதம் என்கிறாரே! இவ்வளவு பெரிய மனுஷனையா கேலி செய்தோம் என்று கூசிப்போனாள். இனி அவர் தலைப் பக்கமே பார்ப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டாள். பையில் போட்டவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். வெகுநேரத்துக்குப் பிறகு பசி எடுத்தது.

டப்பாவைத் திறக்கும்போது, டவரைப் பராமரிக்கும் மெக்கானிக் கதவோரம் வந்து நின்றார். கையெல்லாம் கிரீஸ். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“மேடம், டைரக்டர் சார்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. காலையில டவர் வேலைக்காகக் கழட்டின கேபிளை இப்பதான் மாட்டறேன். இன்னிக்கு நம்ம ஸ்டேஷன் இந்தக் கட்டடத்தைத் தாண்டி எங்கேயுமே கேக்கல.”